இரண்டு கிலோ அறுநூறு

ஆற்காடு சாலையை அவர்கள் தோண்டத் தொடங்கிய வருடம்
எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு சாலை வந்துவிட்டது.
காலையில் துடைத்த டிவியின் மேல்
மாலையில் யாரோ விரலால் ஃபாயிஸ் என்று எழுதியிருக்கிறார்கள்.
வேறு யார், ஃபாயிஸ்தான்.

லேபில் என் ஷிப்ட் ஒன்பதுக்கு முடியும்.
விருகம்பாக்கம் வந்து சேரப் பத்து.
நாகூரிலிருந்து மாமி போனில் சொல்வார்:
"மஃரிபுக்குப் பொறவு வெளக்குமாறு எடுக்காதே புள்ள,
பரக்கத் வெளியே போயிரும்."
பத்து மணிவரை எனக்காக எந்தப் பரக்கத்
கண்விழித்து உட்கார்ந்திருக்கும் மாமி
என்று கேட்டதில்லை.
சரி மாமி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பழைய மெஷின் பரணில் கிடக்கிறது.
அதற்கொரு வால்.
ஹால் பிளக்கில் மாட்டினால்
படுக்கையறை வாசலோடு நின்றுவிடும்,
வாலைப் பிடித்து யாரோ இழுத்த மாதிரி.
கட்டிலுக்கடியில் இருக்கும் தூசிக்கு
அந்த அளவு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, வடபழனி ஷோரூம்.
கிறிஸ்டோ என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
ஒரு பிடி ரவையைக் கம்பளத்தில் எறிந்தான்.
மெஷினால் ஒரு தடவு. ரவை இல்லை.
இலியாஸ் கைதட்டாத குறை.
"எங்க வீட்டுல கம்பளம் இல்ல தம்பி. மொசைக்."
"மொசைக் இன்னும் ஈஸி மேடம்."
"மொசைக்ல தூசி இருக்கறதே தெரியாது. அதான் கஷ்டம்."

அறுபது நிமிடம் என்றது அட்டைப்பெட்டி.
எந்த வேகத்தில்?
குறைந்த வேகத்தில் மேடம்.
முழு வேகத்தில்?
பையன் இலியாஸைப் பார்த்தான், உதவிக்கு.
எட்டு.
உண்மையைச் சொன்னதால் அந்த எண்ணைப் பிடித்தது.
முழு வேகத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல்
நானும் ஓடுவதில்லை.

பேட்டரி தனியாகக் கழலுமா,
மூன்று வருடம் கழித்துக் கிடைக்குமா,
ஃபில்டரைக் கழுவினால் நவம்பரில் எத்தனை நாளில் காயும்?
ஒரே நாள் மேடம்.
அவன் வீட்டு நவம்பர் வேறு போல.

இலியாஸ் போனில் விலையை
பன்னிரண்டு மாதமாக வகுத்துக்கொண்டிருந்தார்.
எனக்கு வேறு கணக்கு.
வீட்டைக் கூட்டுகிறோம் என்போம், இல்லையென்றால் பெருக்குகிறோம்.
பதினேழு வருடமாகக் கூட்டியும் பெருக்கியும்
தூசி குறைந்தபாடில்லை.
பின்னே எப்படிக் குறையும்?

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
நாள் முழுக்கப் பிப்பெட் பிடிக்கும் மணிக்கட்டு
முதல் இரண்டையும் வேண்டாம் என்றது.
மூன்றாவதைத் தூக்கியபோது அது வாயே திறக்கவில்லை.
முழங்கை தானாக மடிந்து
மெஷினைத் தோளோடு சாய்த்துக்கொண்டது.
"வெயிட் எவ்வளவு?"
"ரெண்டு அறுநூறு மேடம்."

எழும்பூர் ஆஸ்பத்திரி.
தராசில் சிவப்பு எண்கள்.
அரை மயக்கத்தில், கண்ணாடி இல்லாமல், நான் படித்த ரிப்போர்ட்.

ஃபாயிஸ், இப்போது ஐம்பத்தொரு கிலோ,
மிக்சி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்,
எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாத தூரத்தில்.
கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.
"நீ பொறந்தப்ப இவ்வளவுதான்."
ஒரு கையால் வாங்கி மேலும் கீழும் ஆட்டினான்.
"இவ்வளவுதானா?"
பிறகு, நான் பில் கவுன்டர் பக்கம் திரும்பிவிட்டேன் என்று நினைத்து,
இன்னொரு கையையும் அடியில் கொடுத்தான்.

திங்கள் இரவு பத்தரை. குறைந்த வேகம்.
கீழ்வீட்டு ரிட்டயர்டு என்ஜினியர் கம்பால் கூரையை இடிக்கவில்லை.
கட்டிலுக்கடியில் தலையை நுழைத்திருந்தபோது போன்.
"என்னம்மா சத்தம்? கூட்டுறியா?"
"கூட்டல மாமி. வெளியே எதையும் தள்ளல.
எல்லாம் ஒரு டப்பாவுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு, கண்ணாடி டப்பா."
நூல், முடி, கடுகு,
ஆற்காடு சாலையில் ஒரு பிடி.
"பரக்கத்து?"
"தெரியல மாமி. காலைல வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் கொட்டுவேன்."